புதுக்கோட்டைப் பகுதியில் வளரி

வளரி என்பது எறிந்து தாக்கும் பிறை வடிவ ஆயுதம். வளைதடி என்றும் பெயர். புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பகுதிகளில் கள்ளரும் மறவரும் இதைப் போரிலும், மான், முயல் வேட்டையிலும் பயன்படுத்தினர்.

வேட்டைத் துப்பாக்கியில் தோட்டாவின் அளவையும் துப்பாக்கியின் எடையையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. எறியாயுதத்திலும் அதே சிக்கல்தான்: கனம் கூடினால் அடி பலமாக விழும், ஆனால் தூக்கிக்கொண்டு ஓடுவதும் விரைந்து வீசுவதும் கடினம். வளரியில் ஒரு முனை மட்டுமே கனமானது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலில் புதுக்கோட்டை திவான் தந்த விவரம் உள்ளது. பெரும்பாலும் வைரம் பாய்ந்த மரத்திலும், சில வேளை இரும்பிலும் செய்து, வெளிவிளிம்பைக் கூராக்குவர். இலேசான முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் சிலமுறை சுழற்றி எறிவர். எறிந்தவரிடமே திரும்பி வரும் என்று இன்று பலர் எழுதுகின்றனர். திவானின் விவரத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்றதாக ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் எழுதினார்; 100 கெசத்துக்குள் அது குறி தப்பாது என்பது அவர் கருத்து. திவான் எழுதிய காலத்திலோ சமஸ்தானத்தில் தேர்ந்த வீச்சாளர் எவரும் இல்லை. முயல், காட்டுக்கோழி வேட்டையில் எப்போதாவது பயன்பட்டது. மற்றபடி பூசை அறையில் இருந்து, ஆயுதபூசையன்று துடைத்து வைக்கப்பட்டது.