ஒரே பானையில் இரண்டு பேரரசர்கள்

நம் பகுதியில் மனைக்கு மனை அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். அந்த மண்ணில் கறுத்துப்போன சின்ன வட்டக் காசு ஒன்று கிடைத்தால் என்ன செய்வீர்கள்? புளி போட்டுத் தேய்ப்பீர்கள். பளபளத்தால் நகைக்கடைக்கு எடுத்துப் போவீர்கள். இரண்டும் வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ரோமானிய வெள்ளிக்காசுக்கு டெனாரியஸ் என்று பெயர். நம் ஒரு ரூபாயைவிடச் சற்றுச் சிறியது, எடை நான்கு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. தமிழ்நாட்டில் கிடைத்தவற்றில் மிகப் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டே பேரரசர்களுடையவை. கோவை அருகே வெள்ளலூரில் 1842-இல் ஐந்நூறுக்கும் மேல் கிடைத்தன. உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்தில் 1946-இல் கிடைத்த புதையலில் ஏறக்குறைய 1,400 காசுகள்! மேற்குக் கரையில் மிளகு ஏற்ற வந்த கப்பல்களின் பணம் பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டுக்கு வந்தது. படியூர்ப் பக்கத்துப் பச்சைக்கல்லுக்கு ரோமில் அவ்வளவு கிராக்கி. இந்தியா ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிவிடுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியிருக்கிறார்.

அகஸ்டஸ் காசின் பின்புறம் ஈட்டி, கேடயங்களோடு இரண்டு இளைஞர்கள் நிற்பார்கள். கையஸ், லூசியஸ். மகள் வயிற்றுப் பேரன்களான அவர்களைத் தத்தெடுத்து வாரிசாக்கி, ஊரறியக் காசிலும் போட்டார் அகஸ்டஸ். கி.பி. 2-இல் லூசியஸ் இறந்தான். 4-இல் கையஸும் போய்விட்டான். வேறு வழியில்லாமல் மனைவி லிவியாவின் மகன் டைபீரியஸைத் தத்தெடுத்தார். கி.பி. 14-இல் அரியணை ஏறிய டைபீரியஸின் காசில் பின்புறம் ஒரு பெண் அமர்ந்திருப்பாள். லிவியாதான் என்பது பலர் கருத்து. அரியணை கிடைக்காத பிள்ளைகளும் கிடைத்தவரும் நம் கொங்குப் பானைகளில் ஒன்றாகக் கிடந்திருக்கிறார்கள். கி.பி. 64-இல் நீரோ காசின் எடையையும் வெள்ளியையும் குறைத்தார். அதன்பின் வந்த வெள்ளிக்காசுகள் இங்கே அதிகம் கிடைப்பதில்லை. நம் வியாபாரிகள் உரசிப் பார்க்காமல் வாங்கமாட்டார்கள் அல்லவா!

'கோவை எங்கே, பொன்னேரி எங்கே' என்பீர்கள். சென்னை மாம்பலத்திலேயே அகஸ்டஸ் காசு ஒன்று கிடைத்திருக்கிறது, நம் நாட்டு வெள்ளி முத்திரைக் காசுகளோடு. முத்திரைக் காசில் அரசன் பெயரோ ஆண்டோ இருக்காது. கூடவே கிடந்த அகஸ்டஸால்தான் அவை அக்காலத்திலும் புழங்கின என்று தெரிகிறது. தனியே பிரித்து விற்றிருந்தால் அந்தச் செய்தியும் போயிருக்கும்.

ஆகவே கிடைத்ததைத் தேய்க்காதீர்கள். எந்த ஆழத்தில், எதோடு கிடந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு பிடுங்கிக்கொள்ளும் என்ற பயம் பலருக்கு உண்டு. கையகப்படுத்தினால், பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரவேண்டும் என்கிறது அதே சட்டம். மறைத்தால்தான் பங்கும் போகும், சிறையும் உண்டு.

விலைக்கு வாங்கிச் சேர்க்கும் ஆசை உள்ளவர்கள் காசின் விளிம்பைப் பாருங்கள். அசல் டெனாரியஸ் சம்மட்டியால் அடித்தது. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரிந்தால் அச்சில் வார்த்த போலி. அசலைப் பார்த்துப் பழக எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவு இருக்கிறது. சென்ட்ரல் வரை நம் மின்ரயிலே போகிறது.