மலையைத் துப்புரவாக்கிய கதை

மாத்தளை நகருக்குத் தென்கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் அமைந்த சிற்றூர் எல்கடுவ. ஒழுங்காக நிரைபிடித்த தேயிலைச் செடிகளை அங்கே காணலாம். அவற்றை அடுத்து மானாப்புல்லும் உண்ணிச்செடியும் மண்டிய சரிவுகளையும் காணலாம். இப்பற்றைகளைத் தொலைவிலிருந்து நோக்குவோர், மனிதன் கை படாத பழங்காடு இதுவென எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. இம்மலைகள் பலமுறை வெட்டித் துப்புரவாக்கப்பட்டவை. வெட்டியதை மக்கள் என்ன செய்தனர் என்பதே இம்மண்ணின் வரலாறு. எரித்தனரா, சுரண்டி எறிந்தனரா, நிலத்திலேயே கிடக்கவிட்டனரா என்ற மூன்று கேள்விகளில் அவ்வரலாறு அடங்கிவிடுகிறது.

கண்டி இராச்சியக் காலத்தில் மலைக்கிராமத்தவர் சேனைப் பயிர் செய்தனர். வரட்சிக் காலத்தில் பற்றையை வெட்டி உலர்த்தி எரிப்பர். சாம்பல் படிந்த நிலத்தில் குரக்கன் விதைப்பர். ஓரிரு போகத்தின் பின் அந்நிலத்தைப் பல ஆண்டுகள் ஓய்வாக விட்டுவிடுவர். பத்தனைப் புல்வெளிகளும் ஓய்விலிருந்த சேனைகளும் ஊர் மாடுகளுக்கு மேய்ச்சல் நிலமாயின. தீ இம்முறையிலும் உண்டு. ஆயினும் தீயின் பின் நீண்ட ஓய்வும் உண்டு. மண் மீண்டும் வளம்பெற அவ்வோய்வு உதவிற்று.

பிரித்தானியர் ஆட்சியில் கோப்பி வந்தபொழுது அவ்வோய்வு மறைந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டு நிலங்களையும் பயிரிடப்படாத நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. உறுதிப்பத்திரம் இல்லாத கிராமத்தவர், தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த நிலத்திற்கே அந்நியராயினர். தோட்டத்துள் புகுந்த மாடுகளைத் துரைமார் பிடித்து அடைப்பதும், அதனால் வழக்கும் பகையும் மூள்வதும் மலைநாடெங்கும் வழமையாயின. 1848இல் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்ததற்குப் புதிய வரிகளே உடனடிக் காரணம். எனினும் நிலத்தை இழந்த மனக்கசப்பும் அதன் பின்னணியில் இருந்தது.

கோப்பிக்காகக் காட்டை அழித்த முறை வியப்பும் அச்சமும் தருவது. மலையடிவாரத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவே வெட்டிச் செல்வர். உச்சியை அடைந்ததும் அங்குள்ள பெருமரங்களை முழுதாக வெட்டிச் சாய்ப்பர். அவை கீழுள்ள மரங்களின் மேல் விழ, அவையும் தமக்குக் கீழுள்ளவற்றின் மேல் விழ, மலைச்சரிவு முழுவதும் பேரிரைச்சலோடு சரியும். இவ்வேலையிற் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர் ஈடுபட்டனர். சரிந்த காடு சில வாரங்கள் உலர்ந்தபின் தீ மூட்டப்படும். நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இலைமட்கு சில நாட்களிற் சாம்பலாகும்.

அதன்பின் வந்த வேலை தமிழ்த் தொழிலாளரின் தலையில் விழுந்தது. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக்காடுகளினூடே தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் அவர்கள். வழியிலேயே பசியாலும் கொள்ளைநோயாலும் மாண்டவர் பலர். வந்து சேர்ந்தோர் கையில் கங்காணி கொடுத்த கருவிகளுள் ஒன்று சுரண்டி. கோப்பி நிரைகளுக்கிடையே ஒரு புல்லும் முளைக்காதவாறு மண்ணைச் சுரண்டித் துப்புரவாக வைத்திருப்பதே நல்ல தோட்டத்திற்கு அடையாளம் எனத் துரைமார் கருதினர். தேயிலைக் காலத்திலும் அவ்வழக்கம் நீடித்தது. வெறுமையாக்கப்பட்ட சரிவின் மேற்பரப்பை வடகீழ்ப் பருவமழை அடித்துச் சென்றது. மாத்தளை மலைகளின் நீரைத் தாங்கும் சுது கங்கை அம்பன் கங்கையோடு கலந்து மகாவலியை அடைவது. மலையிற் சுரண்டிய மண் ஓடைக்கும் வயலுக்கும் ஆற்றுக்கும் போய்ச் சேர்ந்தது.

1869இல் இலங்கையிற் காணப்பட்ட கோப்பி இலைத்துரு நோய், 1880களில் அத்தொழிலை வீழ்த்திற்று. பல நிலங்களில் தேயிலை நடப்பட்டது. மேல்மண் இழந்த சில சரிவுகள் கைவிடப்பட்டன. அங்கே மானாப்புல்லும், அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து அழகுச்செடியாகக் கொணரப்பட்ட உண்ணிச்செடியும் குடிபுகுந்தன. உண்ணிச்செடி மேய்ச்சலுக்குப் பகை. அது புல்லை அடக்கி வளர்வது. அதன் இலையை மிகுதியாகத் தின்ற மாட்டின் ஈரல் கெடும், தோல் வெயிலில் வெந்து புண்ணாகும். தீ வைத்தால் மேற்பாகம் மட்டுமே கருகும். அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். மானாப்புல்லும் அவ்வாறே தீயின் பின் செழிப்பது.

மண் போனபின்னரே அறிவு வந்தது. 1931இல் மண்ணரிப்பு பற்றிய அரசாங்கக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. 1951இல் 25ஆம் இலக்க மண்காப்புச் சட்டம் நிறைவேறியது. 1925இல் சட்டத்தால் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் காலப்போக்கிற் கூறியது யாதெனில், நிலத்தை வெறுமையாக விடலாகாது. வெட்டிய புல்லையும் கவ்வாத்து மிலாறையும் செடிகளுக்கிடையே பரப்பி மூடாக்காக இட வேண்டும் என்பதாம். அம்மூடாக்கு மழைத்துளியின் அடியைத் தாங்கும், ஈரத்தைக் காக்கும், களை விதை முளைப்பதைக் குறைக்கும், மட்கி உரமாகும். ஆனால் லயத்து அடுப்பு எரிவதும் அதே மிலாறினால்தான். நிலத்தின் உணவா, அடுப்பின் விறகா என்ற போட்டியில், சுமந்து செல்லும் பெண்ணைக் குறைகூறுதல் நீதியாகாது. வேறு எரிபொருள் எட்டாதவரை எந்த அறிவுரையும் அவளிடம் செல்லாது.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் தோட்டங்களின் முகாமை மீண்டும் கம்பனிகளுக்குப் பிரித்தளிக்கப்பட்டபொழுது, எல்கடுவவின் பெயரைத் தாங்கிய ஒரு கம்பனியும் தோன்றிற்று. அக்காலந்தொட்டு மாத்தளை மலைகளில் பராமரிப்பின்றிப் பற்றையான தேயிலை நிலங்கள் பல. தொழிலாளர் குடும்பங்களில் மாடு வளர்ப்போர் உண்டு. அவர்களுக்குத் தேவை தீவனம். கோயம்புத்தூரில் உருவான கோ-3 என்னும் தீவனப்புல் இலங்கையில் இன்று பரவலாக வளர்க்கப்படுகிறது. பற்றை நீங்கிய நிலம் கிடைப்பின் அது அவர்களுக்குப் பாலாகும்.

பிறநாடுகளில் இப்பணிக்கு இயந்திரம் வந்துள்ளது. பற்கள் பொருத்திய உருளை வேகமாகச் சுழன்று, நின்ற பற்றையை நின்றவிடத்திலேயே சிறுதுண்டுகளாக்கி நிலத்திற் பரப்பிச் செல்லும். தீயும் இல்லை, சுரண்டலும் இல்லை. எனினும் எல்கடுவ போன்ற செங்குத்தான சரிவுகளில் அவ்வியந்திரம் புரளும் அபாயம் உண்டு. இயந்திரம் அடிக்கட்டையின் உயிரையும் போக்காது. துளிரைத் தொடர்ந்து அகற்றி, புல்லை நட்டு நிழலிட்டால்தான் பற்றை அடங்கும். ஆகவே அங்கே கத்தியும் மண்வெட்டியும் ஏந்திய கையே இன்றும் வேண்டப்படுகிறது.

இயந்திரம் இல்லாவிடினும் அதன் முறையைக் கைக்கொள்ளத் தடையில்லை. வெட்டியதை எரிக்காமல், சமவுயரக் கோடு வழியே பரப்பி, இடையே தீவனம் நடுவது எல்லார்க்கும் இயலும். ஆனால் நாளை தன்னுடையதாக இராத நிலத்தில் மூடாக்கிட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்க எவரும் துணியார். 1840இல் கிராமத்தவர் இழந்ததும், சுரண்டி பிடித்தோர் என்றும் பெறாததும் அந்நில உறுதியே. மண்ணைக் காப்பது பற்றிய பேச்சு அவ்வுறுதியிலிருந்தே தொடங்க வேண்டும்.