ஊழியம்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்துக்குப் பக்கத்தில்தான் பத்மநாபசுவாமி கோயில். 1750இல் மார்த்தாண்டவர்மர் திருவிதாங்கூர் நாட்டையே அங்கே இறைவனுக்கு ஒப்படைத்துவிட்டு, 'பத்மநாபதாசன்' என்ற பெயரோடு ஆண்டார். அரசரே அடியவர். அதே நாட்டில் குடிமக்கள் செய்த கட்டாய வேலைக்குப் பெயர் ஊழியம். அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் சுமக்க வேண்டும். அந்தச் சுமை ஒடுக்கப்பட்ட சாதியினர் தோளில்தான் விழுந்தது.

மலையாளத்திலும் இது ஊழியமே. தெலுங்கில் ஊடிகமு, கன்னடத்தில் ஊளிக. தெய்வத்துக்கோ மேலோருக்கோ கடமையாகச் செய்யும் பணி என்பது பழைய பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் திருவிதாங்கூரில் லண்டன் மிஷனைச் சேர்ந்த கிறிஸ்தவப் போதகர்கள் இந்தக் கட்டாய ஊழியத்தை எதிர்த்து முறையிட்டார்கள். கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விலக்கு கிடைத்தது. அவர்கள் கையிலிருந்த தமிழ் வேதாகமத்திலோ அதே சொல் வேறொரு முகத்துடன் நின்றது. மாற்கு 10ஆம் அதிகாரத்தில், பெரியவனாக விரும்புகிறவன் பிறருக்குப் பணிவிடை செய்ய வேண்டும் என்கிறார் இயேசு. தாமும் ஊழியம் செய்யவே வந்ததாகச் சொல்கிறார். கிரேக்க மூலத்தில் அங்கே வருவது பந்தியில் பரிமாறுகிறவரைக் குறித்த சொல்லின் வினைவடிவம். கத்தோலிக்கர் இன்று பயன்படுத்தும் மொழிபெயர்ப்பு அதைத் 'தொண்டு' என்கிறது. நல்ல சொல்தான், ஆனால் ஊழியத்தில் இருக்கும் சுமை அதில் இல்லை.

கூலியில்லாமல் மூட்டை சுமந்தவர்கள், தங்கள் ஆண்டவரும் ஊழியம் செய்தார் என்று கேட்டிருக்கிறார்கள். இன்று சபைகளில் 'ஊழியக்காரர்' என்றால் மேடையில் தனி நாற்காலி போடுகிறோம். இது எனக்கு வருத்தம் தருகிறது.