தனக்கு வராத காய்ச்சலைச் சுமந்த செல்போன்

"போன்ல வைரஸ் இருக்கு, என் கம்ப்யூட்டர்ல சொருகாதே" என்று அண்ணனோ அக்காவோ சத்தம் போட்டுக் கேட்டிருப்பீர்கள். அது உண்மையா? பாதி உண்மை. மலேரியாவைச் சுமந்து வருகிற கொசு காய்ச்சலில் படுப்பதில்லை அல்லவா... பல வருடம் செல்போனும் அப்படித்தான் இருந்தது. அதிலிருந்த வைரஸ் போனைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. கேபிளின் அடுத்த முனையில் இருக்கும் கம்ப்யூட்டருக்காகக் காத்திருக்கும்.

கதை 1995-ல் தொடங்குகிறது. வின்டோஸ் 95-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு வசதி கொடுத்தது. சிடியைப் போட்டால் போதும், அதிலுள்ள ப்ரோகிராம் தானாக ஓடும். அதற்காக சிடியில் 'ஆட்டோரன்' என்று ஒரு சின்ன ஃபைல் வைப்பார்கள். நோட்பேடில் திறந்தால் இரண்டு மூன்று வரிதான் இருக்கும்: இந்த ஃபைலை ஓட்டு, இந்த ஐகானைக் காட்டு. கம்பெனி அச்சடித்த சிடியில் வேறு யாரும் எதுவும் எழுத முடியாது என்பதால் அப்போது இது பெரிய ஆபத்தாகத் தெரியவில்லை.

2000-க்குப் பிறகு பென் டிரைவ் வந்தது, மெமரி கார்டு போட்ட போன்களும் வந்தன. டேட்டா கேபிளில் இணைத்தால், கம்ப்யூட்டரின் கண்ணுக்குப் போனும் ஒரு டிரைவ்தான். சிடி போல அல்ல, இதில் எழுதலாம், அழிக்கலாம். வைரஸ் எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? எக்ஸ்பியில் இது சிடி போல உடனே ஓடாவிட்டாலும், டிரைவ் ஐகானை டபுள் கிளிக் செய்தால் போதும், வைரஸ் ஓடிவிடும். பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் சொருகும் ஒவ்வொரு டிரைவிலும் தன்னைக் காப்பி செய்து வைக்கும். நம் ஊர்க் கடைகளில் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து ஊரில் இருக்கிற போன்களுக்கெல்லாம் பாட்டு ஏற்றிக் கொடுத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பாட்டோடு இதுவும் ஏறியிருக்கும் :-)

2005 செப்டம்பரில் கார்டுட்ராப் என்று ஒன்று வந்தது. சிம்பியன் போனுக்குள் நுழைந்து, மெமரி கார்டில் வின்டோஸ் வைரஸ்களையும் ஆட்டோரன் ஃபைலையும் வைத்துவிட்டுக் காத்திருக்கும். போனிலிருந்து கம்ப்யூட்டருக்குத் தாவ வேண்டும் என்றே எழுதியது அது. அடுத்த வருடம் ஆப்பிள் மாட்டிக்கொண்டது. 2006 செப்டம்பர் 12-க்குப் பிறகு வந்த வீடியோ ஐபாடுகளில் 1 சதவீதத்துக்கும் குறைவானவற்றில் வின்டோஸ் வைரஸ் இருந்தது. தயாரிப்பு வரிசையில் இருந்த ஒரு வின்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து ஒட்டிக்கொண்டதாம். ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது, அதோடு வின்டோஸையும் ஒரு குத்து குத்தியது. எனக்கென்னவோ அந்தக் குத்து நியாயமானது என்றே படுகிறது.

இந்த வரலாற்றிலேயே சுவையான கதை ஸ்பெயினில் 2010 மார்ச்சில் நடந்தது. பாண்டா செக்யூரிட்டி என்ற ஆண்டி வைரஸ் கம்பெனியின் ஊழியர் ஒருவர் வோடஃபோனிடம் புத்தம் புது ஹெச்டிசி மேஜிக் போன் வாங்கினார். கம்ப்யூட்டரில் இணைத்ததும் ஆண்டி வைரஸ் அலறியது. மெமரி கார்டில் மரிபோசா! (ஸ்பானிஷில் பட்டாம்பூச்சி என்று அர்த்தம்.) லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களை வளைத்துப்போட்ட மரிபோசா கும்பல் ஒன்றை ஸ்பெயின் போலீஸ் பிடித்ததாக அறிவித்ததும் அதே மாதம்தான். அந்தக் கும்பலை முடக்க உதவியவர்களில் பாண்டாவும் ஒன்று. திருடனைப் பிடித்துக் கொடுத்தவன் வீட்டுக்கே பார்சலில் வந்தது போல! போன் ஆண்ட்ராய்டு, வைரஸ் வின்டோஸ். போனுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. எங்கோ ஒன்றில் நடந்தது என்றது வோடஃபோன். இன்னொரு பாதுகாப்புக் கம்பெனியின் ஊழியரும் அதையே கண்டுபிடித்தார். கடைசியில் சுமார் 3000 மெமரி கார்டுகள் என்று ஒப்புக்கொண்டார்கள்.

2009-ல் வந்த வின்டோஸ் 7, யூஎஸ்பி டிரைவ்களுக்கு ஆட்டோரனை நிறுத்தியிருந்தது. ஆனால் உலகம் எக்ஸ்பியில் அல்லவா இருந்தது! 2011 பிப்ரவரியில்தான் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் தானியங்கி அப்டேட்டில் அதே பூட்டு போய்ச் சேர்ந்தது. அந்த மே மாதத்துக்குள், 2010-ஐ விட இவ்வகைத் தொற்று எக்ஸ்பியில் 59 சதவீதமும் விஸ்டாவில் 74 சதவீதமும் குறைந்ததாக மைக்ரோசாஃப்டே சொன்னது. ஒரு சின்ன ஃபைலைத் தடுக்க 16 வருடம்... அதே சமயம் புது ஆண்ட்ராய்டு போன்கள் பலவும் தங்களை டிரைவாகக் காட்டுவதை விட்டு வேறு முறைக்கு மாறின.

பிறகு காற்று திசை மாறியது. 2014 ஜனவரியில் வெளிவந்த ட்ராய்டுபேக், முதலில் வின்டோஸுக்குள் நுழையும். யூஎஸ்பி டீபக்கிங் போட்ட ஆண்ட்ராய்டு போனை இணைத்தால், அதில் ஒரு ஆப்பை இறக்க முயலும். அந்த ஆப் கொரிய வங்கி ஆப்களைத் தேடி, அவற்றின் இடத்தில் போலியை வைக்கப் பார்க்கும். இப்போது நோயாளி போன்!

இதைத் தடுக்க ஆண்ட்ராய்டு 4.2.2-லும் ஐஓஎஸ் 7-லும் 2013-லேயே ஒரு கேள்வி வந்திருந்தது: இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா? ஆனால் 2014 நவம்பரில் சீனாவில் கண்டுபிடித்த வயர்லர்க்கர், மேக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு, கேபிளில் வந்த ஐபோனுக்குள்ளும் நுழைந்தது. அந்தக் கேள்விக்கு அவர்கள் 'ஆம்' என்று எப்போதோ சொல்லியிருந்தார்கள். சொந்தக் கம்ப்யூட்டர்தானே!