முன்னெழுத்துக்குள் இருந்தவர்கள்

அத்தைக்கு அந்தக் காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். சாத்தனூர் அணைக்குக் கீழே தென்பெண்ணைக் கரையோர ஊரில் வாழ்க்கைப்பட்டவர். கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலைக்கு வந்திருந்த ஒரு வருடம், எங்கள் வீட்டுத் திண்ணையில் கம்பளி, அதன்மேல் சாக்கு, அதற்கும் மேல் என் பாவாடைவரை போர்த்தியும் அவருக்கு நடுக்கம் அடங்கவில்லை. அப்போது அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி. “முறைக்காய்ச்சல்தான், தானாப் போயிடும்” என்றாள் பாட்டி. போனது. ஏழாம் மாதம் திரும்பி வந்தது.

அது மலேரியா என்பதும், அந்தக் கரையோர மலேரியாவை அதே காலத்தில் சிலர் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள் என்பதும் எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரிந்தது. 1984இல் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் இதழில் தென்பெண்ணைக் கரையின் விடாப்பிடியான மலேரியா பற்றிக் கட்டுரைகள் வெளிவந்தன. நீரோட்டம் வற்றும்போது ஆற்று மணலில் சின்னச் சின்னக் குட்டைகள் தங்கிவிடும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் கொசு முட்டையிட அவை போதும். அத்தையும் அவர் ஊர்ப் பெண்களும் மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்பிய இடமும் அந்த மணல்தான்.

அக்கட்டுரைகளை எழுதியவர்கள் பட்டியலில் ‘ஆர். ரூபன்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. ஆண் என்றே நினைத்தேன். ரேச்சல் ரூபன் அவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மதுரையில் நடத்திய மருத்துவப் பூச்சியியல் மையத்துக்குப் பின்னர் தலைமை வகித்தவர். வாழ்நாளெல்லாம் பெண்ணெழுத்து பற்றிப் பாடம் எடுக்கும் நான் ஒரு முன்னெழுத்தைப் பார்த்ததும் மீசையை வரைந்துவிட்டேன்.

ஒருமுறை அல்ல, இரண்டு முறை. அறிவியல் தமிழ் வகுப்புக்காக மலேரியா மருந்து ஆய்வின் வரலாற்றைத் தொகுத்தபோது ‘என். சுரோலியா, ஜி. பத்மநாபன்’ என்ற 1992ஆம் ஆண்டுக் கட்டுரை கிடைத்தது. “அவர்கள் கண்டறிந்தனர்” என்று குறிப்பில் எழுதிக்கொண்டேன். தமிழின் மரியாதைப் பன்மைக்கு இது ஒரு வசதி. ஆளைத் தெரியாமலேயே வாக்கியத்தை முடித்துவிடலாம். முதலாசிரியர் நமிதா சுரோலியா ஒரு பெண்.

அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எனக்குப் பிடித்தமான கேள்வி. மலேரியா ஒட்டுண்ணி நம் சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. தின்னத் தின்ன ‘ஹீம்’ என்ற இரும்புப் பொருள் மிஞ்சுகிறது. அளவுக்கு மீறினால் அது ஒட்டுண்ணிக்கே நஞ்சு. அதனால் படிகமாக்கி ஒதுக்கி வைக்கிறது. குளோரோகுயின் கைவைப்பது இந்த ஒதுக்கும் வேலையில்தான். இப்படி ஹீம் மலையாகக் குவிந்துகிடக்கும் இடத்தில் இருந்துகொண்டே ஒட்டுண்ணி தனக்கான ஹீமைத் தானே தயாரிக்கிறது என்று அந்தக் கட்டுரை காட்டியது. விருந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு தனி அடுப்பு மூட்டுவானேன்? தயாரிப்பின் ஒரு படியைச் சக்சினைல் அசிடோன் என்ற வேதிப்பொருளால் தடுத்தபோது, ஆய்வகத்தில் வளர்த்த ஒட்டுண்ணி செத்தது. அப்படியானால் அந்த அடுப்பே மருந்துக்கான இலக்கு என்றார்கள். 2000இல் பத்மநாபன் குழு இன்னொரு விநோதத்தையும் சொன்னது: அடுப்புக்கு வேண்டிய ஒரு நொதியை ஒட்டுண்ணி நம் சிவப்பணுவிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது.

2001 பிப்ரவரியில் நமிதா சுரோலியாவும் அவதேஷ சுரோலியாவும் நேச்சர் மெடிசின் இதழில் இன்னொரு இலக்கைக் காட்டினார்கள். கொழுப்பு அமிலங்களைக் கட்ட நம் உடல் ஒரே பெரிய நொதியைப் பயன்படுத்துகிறது. ஒட்டுண்ணியோ பாக்டீரியாவைப்போலத் தனித்தனி நொதிகளை வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்றைச் சோப்பிலும் பற்பசையிலும் சேர்க்கப்பட்டுவந்த டிரைக்ளோசான் முடக்கும், இரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணி சாகும் என்றது அந்தக் கட்டுரை. குளியலறை மாடத்தில் இருக்கும் பொருள் மலேரியாவைக் கொல்லும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

இரண்டுமே சொன்னபடி நிற்கவில்லை. 2008இல் வெளிநாட்டு ஆய்வாளர்கள் அந்த நொதிக்கான மரபணுவையே நீக்கிப் பார்த்தார்கள். இரத்தத்தில் ஒட்டுண்ணி பாட்டுக்கு வளர்ந்தது. கல்லீரல் கட்டத்தில்தான் தடுமாறியது. 2013இல் பத்மநாபனும் அவருடைய சக ஆய்வாளர்களும் எலி மலேரியாவில் ஹீம் தயாரிப்பு மரபணுக்களை நீக்கினார்கள். அங்கும் அதே கதை: இரத்தத்தில் ஒட்டுண்ணி நம் ஹீமை வைத்தே சமாளித்துக்கொண்டது, கொசுவுக்குள்ளும் கல்லீரலிலும் சொந்த ஹீம் இல்லாமல் முடியவில்லை. இருபத்தோரு வருடங்களுக்கு முன் தானே கைகாட்டிய இடத்தை ஒருவர் தன் பெயர் போட்ட கட்டுரையிலேயே திருத்துகிறார். இலக்கியத் துறையில் இப்படித் திருத்திக்கொண்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. (என்னையும் சேர்த்துத்தான்.)

என் மாணவிகளில் ஒருத்தி, “அப்போ அந்த அம்மா செஞ்சது தப்பா மேடம்?” என்றாள். தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுப்பு இருந்தது உண்மை. அது எந்த அறையில் இன்றியமையாதது என்பதுதான் மாறியது. கல்லீரல் அறை சின்ன விஷயமும் இல்லை. தமிழ்நாட்டில் அதிகம் காணப்படும் வைவாக்ஸ் வகை ஒட்டுண்ணி, இரத்தத்தைச் சுத்தப்படுத்திய பிறகும் கல்லீரலில் உறங்கிக்கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து எழுந்து வரும். அந்த உறங்கும் வடிவத்தைக் கொல்லப் பிரைமாகுயின் இருக்கிறது. இன்று பதினான்கு நாள் மாத்திரை. ஆனால் கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களின் சிவப்பணுக்களை அது உடைத்துவிடும். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கு அந்தக் குறை உண்டா என்பதைப் பார்த்துக் கொடுக்க வழியில்லை. எனவே கர்ப்பிணிக்கு இரத்தத்தில் இருப்பதற்கு மட்டும் மருந்து. கல்லீரலில் இருப்பதற்குப் பிரசவம்வரை காத்திருக்க வேண்டும். கல்லீரலில் வேலை செய்யும், வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்தில்லாத இலக்கு ஒன்றைத் தேடுவதில் யாருக்கு அதிக அவசரம் என்று வகுப்பில் கேட்டேன். பின்வரிசையில் ஒரு பெண் தன் அக்காவின் பெயரைச் சொன்னாள்.

ஏழாம் மாதத்தில் அத்தைக்குக் காய்ச்சல் திரும்பியபோது, மறுபடி எங்கே கொசு கடித்தது என்று வீட்டில் விசாரித்தார்கள். ஆற்றுக்குப் போகாதே என்றார்கள். தண்ணீருக்கு வேறு வழி இல்லை, போனார்.