தண்டனைக்குப் பிந்தைய குடிமை உரிமைகள் (வேலூர் வட்டாரம்)

குற்றத் தண்டனையால் ஒருவர் இழக்கும் வாக்குரிமை, தேர்தலில் நிற்கும் தகுதி, தொழில் உரிமம், கடவுச்சீட்டு ஆகியவை அவருக்கு மீண்டும் கிடைத்துவந்த வரலாறு இது. மத்திய சிறையும் பெண்கள் தனிச்சிறையும் உள்ள வேலூர் இதில் அடிக்கடி தலைகாட்டுகிறது.

தமிழகத்தில் நன்கறியப்பட்ட பழைய எடுத்துக்காட்டு வ.உ.சிதம்பரனார். 1908இல் தண்டிக்கப்பட்டு 1912 டிசம்பரில் விடுதலையானவருக்கு வழக்கறிஞர் சன்னது (தொழில் உரிமம்) இல்லாமல் போயிற்று. பல ஆண்டு வறுமைக்குப் பின், நீதிபதி வாலஸ் முயற்சியால் அது திரும்பக் கிடைத்தது. நன்றியாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். அன்று ஒரு வெள்ளைக்கார நீதிபதி மனம் வைக்க வேண்டியிருந்தது. இன்றைய வழக்கறிஞர் சட்டத்தின் 24ஏ பிரிவின்படி, ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் விடுதலையாகி 2 ஆண்டு கழிந்தால் பதிவுத் தடை தானே விலகிவிடும்.

வேலூர் சிறையில் 1921 டிசம்பர் முதல் மூன்று மாதம் இருந்த ராஜாஜி 1937இல் சென்னை மாகாணப் பிரதமரானார். அவரது சிறைவாசம் அதற்குத் தடையாகவில்லை: 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் 2 ஆண்டுக்குக் குறையாத தண்டனை பெற்றவர்களையே சட்டமன்றத்துக்கு வெளியே நிறுத்தியது; அந்த வரம்பு இன்றும் நம் சட்டத்தில் இருக்கிறது. காமராஜர் கதை இன்னும் சுவையானது. பாதுகாப்புக் கைதியாக வேலூரில் இருந்தபோதே 1941இல் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியே வந்ததும் பதவி விலகினார்.

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு, சிறையில் உள்ள எவரும் வாக்களிக்க முடியாது என்கிறது. தடுப்புக்காவல் கைதிக்கு மட்டும் விலக்கு உண்டு. தீர்ப்பே வராத விசாரணைக் கைதிக்கும் வாக்கு இல்லை என்பதற்கு நியாயம் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் உச்ச நீதிமன்றம் 1997இல் இப்பிரிவைச் செல்லும் என்றது. விடுதலையாகி வெளியே வந்ததும் மனு இல்லாமலே வாக்குரிமை திரும்பிவிடும். அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் இப்படியில்லை: புளோரிடாவில் தண்டனை முடித்த பெரும்பாலோருக்கு அந்த உரிமை கிடைக்க 2018இல் பொதுவாக்கெடுப்பு தேவைப்பட்டது.

தேர்தலில் நிற்பது வேறு. 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவருக்கு விடுதலைக்குப் பிறகும் 6 ஆண்டு தடை. தேர்தல் ஆணையம் 11ஆவது பிரிவின் கீழ் இதைக் குறைக்கலாம். 2019இல் சிக்கிம் முதல்வர் பிரேம் சிங் தமாங்குக்குக் குறைத்தது. மேல்முறையீட்டில் தண்டனை நீங்கினால் தடையும் போகும்: 2014இல் பதவியிழந்த ஜெயலலிதா மறு ஆண்டே முதல்வரானார். இந்த வழிகளில் போக வழக்கறிஞரும் பணமும் வேண்டும்.

வேலை கிடைப்பது இன்னொரு சிக்கல். வேலூர் மத்திய சிறையில் கைதிகள் காவலர்களுக்குக் காலணி தைக்கிறார்கள். அதே கைத்தொழிலுக்கு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை உண்டு. என்றாலும் தண்டனை பெற்றவரை வேலைக்குச் சேர்க்கச் சொல்லி எந்த முதலாளியையும் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு 2 ஆண்டுக்குக் குறையாத தண்டனை பெற்றிருந்தால், தீர்ப்பிலிருந்து 5 ஆண்டுக்குக் கடவுச்சீட்டையும் மறுக்கலாம்.

இந்த உரிமைகள் திரும்பக் குடியுரிமையும் வேண்டும். 2022 நவம்பர் 11இல் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் எஞ்சிய ஆறு பேரையும் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மறுநாள் வேலூர் பெண்கள் சிறையிலிருந்து அவர்களில் ஒருவரான நளினி இந்தியக் குடிமகளாக வெளியேறினார். வேலூர் மத்திய சிறையில் இருந்த அவர் கணவர் முருகனோ இலங்கையர் என்பதால் திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 2024 ஏப்ரலில் இலங்கைக்கு அனுப்பப்படும்வரை அங்கேயே இருந்தார்.