ஜேஎஸ்-ஐபிஎஃப்எஸ்: திட்டமும் மாற்றமும்

ஜேஎஸ்-ஐபிஎஃப்எஸ் என்பது ஐபிஎஃப்எஸ் என்னும் பரவலாக்கப்பட்ட கோப்புப் பகிர்வு நெறிமுறையை ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் செயற்படுத்திய திறமூல மென்பொருள். நெறிமுறையை வடிவமைத்தவர் ஹுவான் பெனெட். அதன் வெள்ளையறிக்கை 2014-இல் வெளிவந்தது. முதலில் கோ மொழியில் எழுதப்பட்டது. ஜாவாஸ்கிரிப்ட் முயற்சியைத் தொடக்க ஆண்டுகளில் டேவிட் டியாஸ் வழிநடத்தினார்.

வழக்கமான இணைய முகவரி, கோப்பு இருக்கும் இடத்தைச் சுட்டுகிறது. அந்த வழங்கி நின்றுவிட்டால் முகவரிக்குப் பயனில்லை. ஐபிஎஃப்எஸ்ஸில் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே கணிக்கப்படும் குறியீடுதான் முகவரி. படி யாரிடம் இருந்தாலும் அவரிடமிருந்து பெறலாம். 1801-இல் ஆங்கிலேயர் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இரண்டாம் முறையாகத் தரைமட்டமாக்கினர். ஆனாலும் கட்டபொம்மன் கதை அழியவில்லை. கதைப்பாடலாகப் பல வாய்களில் அது இருந்தது. வாய்க்கு வாய் பாடல் மாறும். ஐபிஎஃப்எஸ்ஸிலோ ஓர் எழுத்து மாறினாலும் குறியீடே வேறாகிவிடும்.

2017 ஏப்ரலில் துருக்கி அரசு விக்கிப்பீடியாவைத் தடைசெய்தது. அடுத்த மாதமே துருக்கிய விக்கிப்பீடியாவின் படி ஐபிஎஃப்எஸ்ஸில் ஏற்றப்பட்டது. அதைப் படிக்க ஒரு நுழைவாயில் வழங்கியோ, கணினியில் நிறுவிய தனி மென்பொருளோ தேவைப்பட்டது. உலாவியே ஒரு முழு முனையாக இயங்கினால் இரண்டும் வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பின் பெருங்கனவு அதுதான்.

திட்டமிடல் ஒழுங்காகவே நடந்தது. இரு மொழிப் பதிப்புகளுக்கும் பொதுவான இடைமுகம் வரையறுக்கப்பட்டு, அதற்கான சோதனைகள் எழுதப்பட்டன. வலையமைப்புப் பகுதி லிப்பிடுபி என்னும் தனி நூலகமாகப் பிரிந்தது. காலாண்டு இலக்குகள் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டன.

தடை உலாவியிலிருந்து வந்தது. வலைப்பக்கத்தில் ஓடும் நிரல், பாதுகாப்புக் காரணங்களால், விரும்பிய கணினியுடன் நேரடியாக டிசிபி இணைப்பு ஏற்படுத்த முடியாது. வெப்ஆர்டிசி வழியே இரு உலாவிகள் பேசலாம்; அவற்றை அறிமுகப்படுத்த இடையில் ஒரு வழங்கி வேண்டும். தாவலை மூடினால் முனையும் மறையும். எனவே அறிமுக வழங்கிகளும், உலாவி சேர்த்த கோப்பைத் தாங்கிநிற்கும் துணை முனைகளும் சேர்க்கப்பட்டன. எந்த வழங்கியை ஒழிக்கப் புறப்பட்டார்களோ அதுவே பின்வாசல் வழியாக வந்து அமர்ந்தது. இதற்கிடையே, மொழியில் வந்த புதிய ஒத்திசையா எழுத்துமுறைக்குப் பல களஞ்சியங்களின் நிரலை மாற்றும் நீண்ட பணி 2020-இல்தான் முடிந்தது.

கோ பதிப்பின் எல்லா வசதிகளையும் உலாவிக்குள் அடைக்கும் நோக்கம் பின்னர் கைவிடப்பட்டது. 2022-இல் கோ பதிப்பு குபோ எனப் பெயர் மாறியது. 2023-இல் ஜேஎஸ்-ஐபிஎஃப்எஸ்ஸின் இடத்தை ஹீலியா பிடித்தது. கிரேக்கத் தொன்மத்தில் சூரியக் கடவுளின் மகள்களுள் ஒருத்தியின் பெயர் அது. ஹீலியா முழு முனையைத் திணிப்பதில்லை. நிரலர் தமக்கு வேண்டிய பகுதிகளை மட்டும் எடுத்துக் கோத்துக்கொள்ளலாம். நுழைவாயில் வழங்கிகளிடமிருந்து எச்டிடிபி வழியே கோப்பைப் பெற்று, அது உண்மையானதுதானா என்பதை உலாவியிலேயே சரிபார்க்கவும் அதில் வழி உண்டு.